டெல்லியில் நிருபராக வேண்டுமா? முதலில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்

எதிர்வீட்டு மாமியின் பேத்தி மார்கழி மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். பி.ஏ. இரண்டாம் ஆண்டு. மயூர் விஹாரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் இந்தி. "ஆன்ட்டி, நான் ஜர்னலிஸ்ட் ஆகணும். எந்த கோர்ஸ் சேரலாம்?" என்று கேட்டாள்.

"நாளைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலை என்ன விலைன்னு கேட்டுட்டு வா" என்றேன்.

கூடவே வந்திருந்த மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "குழந்தை படிப்பைப் பத்திக் கேட்டா நீ காய்கறி வாங்க அனுப்பறியேடி!"

இருபது வருடமாக டெல்லியிலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். பாதிக் காலம் ஸ்ட்ரிங்கர், அதாவது செய்திக்கு இவ்வளவு என்று கூலி. மீதிக் காலம் மாதச் சம்பளம். என்னிடம் வந்து இப்படிக் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: கோர்ஸ் பிறகு, முதலில் ஒரு செய்தி. அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அந்தப் பெண் போனாள். மயூர் விஹாரிலிருந்து பிங்க் லைனில் ஏறினால் மாறாமல் ஐ.என்.ஏ. வரை போகலாம். முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, கறிவேப்பிலை, வாழைப்பூ என்று நம் ஊர்ச் சாமான் எல்லாம் கிடைக்கிற சந்தை. அங்கே பீகார்க்காரர்கூட 'முருங்கைக்காய்' என்று தெளிவாகச் சொல்வார். நம் வீட்டுப் பிள்ளைகள்தான் 'டிரம்ஸ்டிக்' என்பார்கள். சரி, அது வேறு கதை.

சாயங்காலம் திரும்பி வந்தவள், "ஒரு இலை இருபது ரூபாய் ஆன்ட்டி. ரயில் லேட்டாம்" என்றாள்.

எந்த ரயில்? இலை எந்த ஊரிலிருந்து வருகிறது? போன வாரம் என்ன விலை? ஒரு கடையில் கேட்டாயா, நாலு கடையிலா? சொன்னவர் பெயர் என்ன? ஒன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. நான் திட்டவில்லை. முதல் நாள் எல்லோரும் இப்படித்தான் வருவார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். "நாளைக்கு மறுபடியும் போ" என்றேன்.

மறுநாள் போனவளைக் கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். முந்தின நாள் 'வாங்குவதானால் வாங்கு' என்ற தோரணையில் நின்றவர், இன்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். இலைக்கட்டு பார்சல் வேனில் தெற்கிலிருந்து வருகிறது, ஜனவரி மூடுபனியில் ரயில் பல மணி நேரம் தாமதம், கட்டைப் பிரித்தால் உள்ளே பாதி மஞ்சள். அந்த மஞ்சள் இலைகளை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். போன வாரம் எட்டு ரூபாய்க்கு விற்றதை நோட்டில் எழுதி வைத்திருந்தார், அதையும் காட்டினார். முதல் நாள் விலையோடு வந்த பெண், இரண்டாம் நாள் ஒரு செய்தியோடு வந்தாள்.

என் வேலையில் நான் கற்ற பெரிய வித்தை என்று ஒன்று உண்டென்றால், அது இந்த இரண்டாவது தடவை போவதுதான். முதல் தடவை போகிறவரை எல்லோரும் வெளியாளாகப் பார்ப்பார்கள், வாயில் வருவதைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

2017 மார்ச் 14 அன்று அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள், டெல்லியில் போராட்டங்கள் நடக்கிற ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மண்டை ஓடுகளை முன்னால் வைத்துக்கொண்டு, வேட்டியோடு, அந்த வெயிலில். 41 நாள் நடந்தது. மண்டை ஓட்டுப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. காலையில் வருகிற கேமராக்கள் மத்தியானத்துக்குள் போய்விடும். நான் முடிந்த நாளெல்லாம் இரவு எட்டு மணிக்குமேல் போனேன். அந்த நேரத்தில்தான் அவர்கள் கடன் கணக்கை விரல்விட்டுச் சொன்னார்கள்: கூட்டுறவு வங்கியில் எவ்வளவு, நகைக்கு எவ்வளவு, எந்த வருடம் கிணறு வற்றியது என்று. இந்தி சேனல் பையன்கள் சிலர் என்னிடம் வந்து, "மேடம், அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டதும் அங்கேதான்.

டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்றும் ஓசியில் கிடைத்திருக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஏதாவது ஒன்றில் படித்திருந்தால் எழுதவும் தெரியும். பாரதியே 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்குவதுதான் முதல் வேலை. மொழிபெயர்ப்பு என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிற சென்னை டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு டெல்லியிலிருந்து வேண்டியது இந்தியில் நடந்ததைத் தமிழில் பிசகில்லாமல் சொல்லும் ஆள். தட்டச்சு மட்டும் ஒழுங்காகப் பழகிக்கொள்ளுங்கள். தமிழ் 99 விசைப்பலகை இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். போனில் பேசி எழுத்தாக்குகிற வசதியை நம்பி அப்படியே அனுப்பினால், 'மாநகராட்சி ஆணையர்' வேறு யாராகவோ மாறிப் போய்ச் சேருவார்.

நோட்டுப் புத்தகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நான் சூடு பட்டிருக்கிறேன். போனில் ரெக்கார்டு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஆனால் நோட்டும் வேண்டும். விரித்தால் இரண்டு பக்கம் வருமல்லவா, இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் நான் கண்ணால் பார்த்தது. இரண்டையும் கலக்கவே மாட்டேன். 'குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை' என்பது இடப்பக்கம். 'குழாய்க்கு அடியில் பாசி காய்ந்திருக்கிறது, எட்டு பிளாஸ்டிக் குடம், இரண்டில் பெயின்ட்டால் பெயர்' என்பது வலப்பக்கம். பெயரை இனிஷியலோடு கேட்பேன், வயது, சொந்த ஊர், மாவட்டம், போன் நம்பர். கடைசியில், எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுவேன்.

ஊர், மாவட்டம் இரண்டையும் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. அப்போது எனக்கு வேலையில் இரண்டாவது வருடம். கட்டட வேலை நடந்த இடத்தில் சாரம் சரிந்து ஆட்கள் விழுந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்த பட்டியல் இந்தியில் இருந்தது. இந்தியில் நம் ழகரம் கிடையாது, குறில் நெடில் எழுதுகிறவர் மனசைப் பொறுத்தது. ஒருவர் ஊர்ப் பெயர் 'குடலூர்' போல எழுதியிருந்தது. நான் கடலூர் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மணி ஏழாகிவிட்டது, டெஸ்க் கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் தெரிந்தது, அவர் நீலகிரி மாவட்டம் கூடலூர்க்காரர். அவருடைய அம்மாவுக்குச் சேதி போகவே இல்லை. கடலூரில் அதே பெயருடைய வேறொருவர் வீட்டில் அழுது தீர்த்திருக்கிறார்கள். திருத்தம் மூன்று வரி போட்டார்கள். வார்டுக்குள் போய்ப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அவருடைய கூட்டாளியைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. அன்றிலிருந்து பட்டியலைப் பார்த்து ஊர் பெயர் எழுதுவதில்லை, ஆளைக் கேட்டுத்தான்.

அப்புறம் எழுதுவது. பேத்தி எழுதிக் கொடுத்த முதல் காப்பி இப்படி ஆரம்பித்தது: 'இந்தியாவின் தலைநகரான டெல்லியில் பன்னெடுங்காலமாகத் தமிழ் மக்கள் தங்கள் பண்பாட்டையும் கலாசாரத்தையும் போற்றிப் பாதுகாத்து வாழ்ந்து வருகின்றனர்.' நாலு பத்தி கழித்துத்தான் வாழை இலை வந்தது. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி. முதல் நாலு பத்தியை வெட்டிவிட்டு, அவளையே வாயால் சொல்லச் சொன்னேன். மாமியிடம் போய்ச் சொல்வதுபோல. "பாட்டி, போன வாரம் எட்டு ரூபாய்க்கு வித்த இலை இன்னிக்கு இருபது ரூபாய். பனியில ரயில் லேட்டாகி இலையெல்லாம் பழுத்துப் போச்சு" என்றாள். அதுதான் இன்ட்ரோ, அதாவது செய்தியின் தொடக்க வரிகள். எழுத்து நடைக்கு மாற்றினால் போதும்: 'டெல்லி ஐ.என்.ஏ. சந்தையில் கடந்த வாரம் 8 ரூபாய்க்கு விற்ற வாழை இலை நேற்று 20 ரூபாய்க்கு விற்றது. மூடுபனியால் ரயில்கள் தாமதமாவதால் இலைகள் வழியிலேயே பழுத்துவிடுவதாக வியாபாரிகள் தெரிவித்தனர்.' 'வியாபாரிகள்' என்று பன்மையில் எழுதியதால் இன்னும் இரண்டு கடையில் கேட்க வேண்டியதாயிற்று. மூன்றாம் முறையும் போனாள்.

இருநூற்றைம்பது வார்த்தைக்குமேல் அனுப்பாதீர்கள். சாயங்காலம் ஆறுக்கு முன் போய்ச் சேர வேண்டும். கீழே, அச்சுக்கு அல்ல, டெஸ்க்குக்காக, யார் யாரிடம் பேசினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். முகம் தெரியாத புதுப் பிள்ளையை உதவி ஆசிரியர் நம்புவது அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான்.

எண்களைக் கையாள்வதும் பழக வேண்டும். கணக்கு வராது என்று பத்திரிகைக்கு வருகிறவர்கள் பலர், நானும் அந்தக் கோஷ்டிதான். ஆனால் கூட்டல் கழித்தல் போதும். 2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த தமிழர் குடிசைப் பகுதி, உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். 370 குடும்பம், அதில் 189 பேருக்கு நரேலாவில் வீடு பெறத் தகுதி உண்டு என்பது நீதிமன்றத்தில் வந்த கணக்கு. பலர் '189 பேருக்கு மாற்று வீடு' என்று எழுதினார்கள். தப்பில்லை. ஆனால் 370-இல் 189 போனால் 181. அந்த 181 குடும்பம் அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தது? கழித்துப் பார்த்தவனுக்கு அடுத்த செய்தி கிடைத்துவிட்டது. அதற்கும் அடுத்தது, நரேலா நகரத்தின் வடகோடி. ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா அங்கிருந்து காலை ஏழு மணிக்கு எப்படி வருவார்? அவரோடு ஒரு நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். புல்டோசர் வந்த அன்று அங்கே நிற்க இடமில்லாத அளவு கேமரா. மூன்று மாதம் கழித்துப் போனால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

காசில்லாமல் செய்தி கிடைக்கிற இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, நாடாளுமன்றக் கேள்விகள். கூட்டத்தொடர் நடக்கும்போது மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, அதாவது அவையிலேயே வாயால் பதில் சொல்ல வேண்டியது, 20, அது போக எழுத்து மூலம் மட்டும் பதில் வருகிற கேள்வி 230 வரை. டிவியில் காட்டுவது அமளி மட்டும். அந்த 230 பதிலும் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அப்படியே கிடக்கும். மாவட்டவாரியாக எத்தனை காலியிடம், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவு என்று அட்டவணையோடு. தினமும் பத்து பதில் படியுங்கள். ஒன்பது சப்பென்று இருக்கும்.

இன்னொன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. சுருக்கமாக ஆர்.டி.ஐ. மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலேயே போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேட்கிற விதத்தில் இருக்கிறது சூட்சுமம். 'தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏன் எப்போதும் லேட்டாக வருகிறது?' என்று கேட்டால், 'கேட்கப்பட்டது தகவல் வரையறைக்குள் வராது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏன், எதற்கு என்று அவர்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை, இருக்கிற ஆவணத்தைத் தர வேண்டும், அவ்வளவுதான். ஆகவே, 'சென்ற டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை இந்த எண்ணுள்ள வண்டி புதுடெல்லி வந்து சேர்ந்த நேரம், நாள்வாரியாக, பதிவேட்டின் நகல்' என்று கேளுங்கள். இந்தச் சட்டம் பத்திரிகையாளருக்கு மட்டும் ஆனதல்ல, குடிமக்கள் எல்லோருக்கும். அதனால் பிரஸ் கார்டு இல்லையே என்று ஏங்க வேண்டாம்.

எழுதக் கூடாததும் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை வரை போகும். குழந்தையென்றால் போக்சோ சட்டமும் சேரும். பெயரைப் போடாமல் தெருவையும் பள்ளியையும் அப்பாவின் கடையையும் எழுதிவிட்டு 'நான் பெயர் போடவில்லையே' என்பது செல்லாது. சந்தேகமிருந்தால் டெஸ்க்கைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை அனுப்பாதீர்கள்.

சரி, கோர்ஸ். மாமி இதற்காகத்தான் வந்தார்கள். டெல்லியில் ஐ.ஐ.எம்.சி. என்கிற மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, ஜே.என்.யூ. வளாகத்தை ஒட்டி, 1965-இல் தொடங்கியது. பட்டம் முடித்தபின் சேருகிற டிப்ளமா. அதன் வெளியூர் மையங்களையும் சேர்த்தால் ஆங்கிலம், இந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் என்றெல்லாம் பிரிவு உண்டு. அந்தப் பட்டியலில் தமிழைத் தேடி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் மாஸ் கம்யூனிகேஷன் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கேமரா, ஆவணப்படம் பக்கம் ஆசையிருந்தால் அங்கே. டெல்லி பல்கலைக்கழகத்தில் லேடி ஸ்ரீராம், கமலா நேரு போன்ற கல்லூரிகளில் இதழியலே இளங்கலையாக உண்டு. சென்னைக்குப் போவதென்றால் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், கட்டணம் கொஞ்சம் தாங்கும்படி இருக்காது, உதவித்தொகையை விசாரியுங்கள். தமிழிலேயே எழுதிப் பழக, கல்லூரியில் படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். கோர்ஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. அங்கே கிடைக்கிற சிநேகிதர்கள் பிறகு இருபது அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பார்கள், அது பெரிய விஷயம். ஆனால் பொருளாதாரமோ சட்டமோ படித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்கு இன்றும் பொறாமைதான். பட்ஜெட் அன்று அவர்கள் நிதானமாக டீ குடிப்பார்கள்.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. ரஃபி மார்க்கில் ஐ.என்.எஸ். என்கிற பத்திரிகை நிறுவனங்களின் சங்கத்துக் கட்டடம். வெளியூர்ப் பத்திரிகைகளின் டெல்லி அலுவலகங்கள் நிறைய அந்த ஒரே கூரைக்குக் கீழ். வெளியே டீக்கடையில் நாலு மணிக்கு நின்றால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். பெரிய ஆளாகப் பார்த்துப் பேசப் போகாதீர்கள், அவருக்கு நேரமிருக்காது. மூன்று வருட அனுபவமுள்ள ஜூனியரிடம் பேசுங்கள். யாருக்கு ஆள் தேவை, யார் காசு தருகிறார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

காசு. என் முதல் செய்திக்கு 75 ரூபாய், அது வந்து சேர நாலு மாதம். அதை வாங்கித் தரும்படி அலைந்த போன் செலவு அதற்குமேல். எந்தப் பத்திரிகை என்று சொல்லமாட்டேன், அந்த அக்கவுன்ட்ஸ் அண்ணா நல்லவர்தான். ஸ்ட்ரிங்கராக ஆரம்பித்தால் முதல் இரண்டு வருடம் வாடகை கொடுக்க முடியாது. வீட்டில் இருந்துகொண்டு செய்யுங்கள், அல்லது மொழிபெயர்ப்பு, டியூஷன் என்று பக்கத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி போட்டுவிட்டுக் காசுக்குப் பதிலாக 'அறிமுகம் கிடைக்கும்' என்பவர்களுக்கு இரண்டு தடவை எழுதுங்கள். மூன்றாம் தடவை எழுதாதீர்கள். செய்தியில் வருகிறவரிடம் பணக் கவர் வாங்காதீர்கள், பொன்னாடை போட்டால்கூட அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

வாழை இலைச் செய்தி பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. ஆறாம் பக்கம், ஒற்றைப் பத்தி அகலம், எட்டு வரி. பேத்தி பெயர் இல்லை, 'நமது நிருபர்' என்று போட்டிருந்தார்கள். கடைக்காரர் சொன்ன மேற்கோளைக் காணோம், மஞ்சள் இலையைக் காணோம். மூன்று தடவை போய் வந்ததில் விலை மட்டும் மிஞ்சியிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர். மாமிதான் கடையில் ஐந்து பிரதி வாங்கி வந்தார்கள்.

அதில் ஒன்றை வெட்டி, தேதி, பக்க எண், பதிப்பு மூன்றையும் ஓரத்தில் எழுதி ஒரு ஃபைலில் ஒட்டச் சொன்னேன். நீங்களும் முதல் நாளிலிருந்து இதைச் செய்யுங்கள், பெயர் வராத செய்தியையும் சேர்த்து. இணையத்தில் வந்தது என்றால் பிடிஎஃப் எடுத்து வையுங்கள், சுட்டிகள் செத்துப்போகும். டெஸ்க்குக்கு அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அது உங்களுடையது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி தரும் அங்கீகார அட்டைக்கு முழுநேரப் பத்திரிகையாளராக ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள், தனியாக எழுதுகிறவர்களுக்குப் பதினைந்து வருடம். அப்போது போய்ப் பழைய பேப்பர்காரரிடம் தேட முடியாது.

ஃபைலில் ஒட்டிவிட்டு அவள் மறுபடி ஐ.என்.ஏ. போனாள், கடைக்காரருக்கு ஒரு பிரதி கொடுக்க. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இவள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரர் குளிர்பதனப் பெட்டி வைக்க மார்க்கெட்டில் மின் இணைப்பு கேட்டு அலைவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டு மணியை அடித்து, "ஆன்ட்டி, அதுக்கு எந்த ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போடணும்?" என்கிறாள்.